1500 கன மீட்டர் டேங்க்ல பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் ஊட்டுன கதை: ஐசிஐ ப்ரூட்டீன் ஆலை, ஒரு நிகழ்வு ஆய்வு

பயோப்ராசஸ், அதாவது நுண்ணுயிர வச்சு பொருள் தயாரிக்கிற இன்ஜினியரிங் படிக்கிறவங்க பெரும்பாலும் மோனாட் சமன்பாட்ட (பாக்டீரியா எவ்வளவு வேகமா வளரும்னு சொல்றது) ஒரு சாப்டர்ல படிப்பாங்க, ஆக்ஸிஜன் டிரான்ஸ்ஃபர (காத்துல இருக்குற ஆக்ஸிஜன் தண்ணில கரையுறது) இன்னொரு சாப்டர்ல படிப்பாங்க, ரெண்டுலயும் கணக்கு போட்டு மார்க்கும் வாங்கிடுவாங்க, ஆனா நிஜ டேங்க்குல இந்த ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது, ஒண்ணு இன்னொண்ண பிடிச்சு இழுக்குதுங்கிறது மட்டும் மனசுல சரியா பதியாது. அத புரிஞ்சுக்க எனக்கு தெரிஞ்சு இங்கிலாந்துல பில்லிங்ஹம்ங்கிற ஊர்ல ஐசிஐங்கிற ரசாயன கம்பெனி கட்டுன ப்ரூட்டீன் (பாக்டீரியாவ வளத்து காய வச்ச தீவனப் புரதம்) ஆலைய விட நல்ல கேஸ் கிடையாது. வியாபாரத்துல தோத்துப்போன திட்டம்னு ஒரே வரியில எழுதி முடிச்சிடுறாங்க, அதுல எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு. இன்ஜினியரிங்கா பாத்தா அங்க நடந்தது பெரிய சாதனை, அத கொஞ்சம் விலாவாரியா பாக்கலாம்.

முதல்ல பின்னணி. பில்லிங்ஹம் வடகிழக்கு இங்கிலாந்துல டீஸ் ஆத்தங்கரையில இருக்கு. ஐசிஐ அங்க ரொம்ப காலமா அமோனியா, உரம்னு பண்ணிட்டு இருந்தாங்க. 1960கள்ல வட கடல்ல இயற்கை எரிவாயு கிடைச்சுது, அதே சமயத்துல 1966 வாக்குல ஐசிஐ தன்னோட காப்பர் கேட்டலிஸ்ட் வச்சு குறைஞ்ச அழுத்தத்துல மெத்தனால் (ஒரு வகை ஆல்கஹால்) தயாரிக்கிற முறைய கொண்டு வந்துட்டாங்க. ஆக கையில கேஸ் இருக்கு, மெத்தனால் இருக்கு, அமோனியா இருக்கு. இந்த மூணையும் பாக்டீரியாவுக்கு குடுத்தா புரதம் ஆகும், அத காய வச்சு கன்னுக்குட்டி, பன்னி, கோழிக்கெல்லாம் தீவனமா வித்தா சோயாவுக்கும் மீன்தூளுக்கும் மாத்தா நிக்கும்னு கணக்கு போட்டாங்க. அப்போ அந்த கணக்கு கிறுக்குத்தனமா யாருக்கும் தெரியல. 1972ல பெரு நாட்டு கடல்ல நெத்திலி மீன்பிடி சரிஞ்சுது, மீன்தூள் விலை ஏறுச்சு, 1973ல அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கு கொஞ்ச நாள் தடையே போட்டுச்சு, ஐரோப்பாவுல தீவனத்துக்கு என்ன பண்றதுன்னு எல்லாரும் பதறிட்டு இருந்த காலம் அது.

ஆரம்பத்துல எரிவாயுவுல பெரும்பங்கா இருக்குற மீத்தேனையே நேரடியா பாக்டீரியாவுக்கு குடுக்கலாமான்னு யோசிச்சாங்க, அப்புறம் மெத்தனாலுக்கு மாறிட்டாங்க. இந்த முடிவுலயே மாஸ் டிரான்ஸ்ஃபர் (பொருள் ஒரு இடத்துல இருந்து செல்லு வரைக்கும் போய் சேருறது) ஒளிஞ்சிருக்கு. மீத்தேன் தண்ணில ரொம்ப கொஞ்சமா தான் கரையும், ஆக்ஸிஜனும் சரியா கரையாது, அப்போ ரெண்டு வாயுவ ஒரே டேங்க்ல ஒரே நேரத்துல கரைக்கணும், போதாக்குறைக்கு மீத்தேனும் ஆக்ஸிஜனும் கலந்தா வெடிக்கும். மெத்தனால் அப்படி இல்ல, எவ்வளவு வேணாலும் தண்ணியோட கலக்கும், சுத்தமா தயாரிக்கலாம், மிச்சமானது காய வைக்கும்போது போயிடும். அதோட ஆக்ஸிஜன் தேவையும் குறையும். எவ்வளவு குறையும்னு கீழ கணக்கு போட்டு பாக்கலாம்.

பாக்டீரியா

அவங்க தேர்ந்தெடுத்தது மெத்திலோஃபிலஸ் மெத்திலோட்ரோஃபஸ் ஏஎஸ்1. அந்த ஏஎஸ் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு சேறு, அங்கிருந்து பிரிச்செடுத்தது. 37 டிகிரி பக்கம் நல்லா வளரும், மெத்தனால் மட்டும் இருந்தா போதும், நைட்ரஜனுக்கு அமோனியா, மத்தபடி பாஸ்பேட்டும் சில உப்புகளும். வளர்ச்சி வேகம் உச்சத்துல மணிக்கு 0.5 அளவு, அதாவது நல்ல வசதி குடுத்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள இரட்டிப்பாயிடும். காய வச்ச செல்லுல 70 சதவீதத்துக்கு மேல கச்சா புரதம். ஒரு கிலோ மெத்தனால் போட்டா சுமாரா அரை கிலோ செல்.

மோனாட் சமன்பாடு எல்லாருக்கும் தெரிஞ்சது தான்: வளர்ச்சி வேகம் உணவோட அடர்த்திய பொறுத்து ஏறி ஒரு உச்சத்துல போய் நின்னுடும். ஜாக் மோனாட் 1940கள்ல குடுத்தது, 1950ல அவரும் தனியா நோவிக்கும் சிலார்டும் தொடர்ச்சியா வளக்குற கருவியோட கோட்பாட்ட வெளியிட்டாங்க. தொடர்ச்சியான டேங்க்ல நீங்க எந்த வேகத்துல புது திரவம் உள்ள விடுறீங்களோ அதே வேகத்துல தான் பாக்டீரியா வளரும், வேற வழியே இல்ல, அத விட மெதுவா வளந்தா கழுவிட்டு போயிடும். அப்போ ஒரு சாதாரண கேள்வி வரும்: மணிக்கு 0.5 வரைக்கும் வளரக்கூடிய பாக்டீரியா கையில இருக்கும்போது ஏன் அதுக்கு பக்கத்துல ஓட்டக்கூடாது? ஓட்டுனா அதே டேங்க்ல மூணு மடங்கு புரதம் வருமே?

இந்த கேள்விக்கு பதில் தான் இந்த கேஸோட உயிர். பதில் மோனாட் சமன்பாட்டுல இல்ல.

ஆக்ஸிஜன் கணக்கு

ஆலைய டிசைன் பண்ணது வருஷத்துக்கு 50,000 டன் அளவுக்கு. டேங்க் சுமார் 60 மீட்டர் உயரம், எடை 600 டன் அளவு, வேலை செய்யுற கொள்ளளவு 1500 கன மீட்டர். அப்போதைக்கு உலகத்துல இவ்வளவு பெரிய தொடர்ச்சியான சுத்தமான ஃபெர்மென்டர (நுண்ணுயிர் வளக்குற டேங்க்) யாரும் ஓட்டுனது கிடையாது. இனி வர்ற கணக்கெல்லாம் பாடப்புத்தக முறையில நானே போட்டது, பேப்பரும் பேனாவும் இருந்தா நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க.

வருஷத்துல 8000 மணி நேரம் ஓடுதுன்னு வச்சா மணிக்கு 6.25 டன் செல் வரணும். 1500 கன மீட்டரால வகுத்தா ஒரு கன மீட்டருக்கு மணிக்கு 4.2 கிலோ. சரி, இதுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன்? மெத்தனால் ரொம்ப ரெட்யூஸ் ஆன பொருள், அதாவது அதுல இருக்குற ஒவ்வொரு கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கு குடுக்கக்கூடிய 6 எலக்ட்ரான் இருக்கு, பாக்டீரியா செல்லுல ஒரு கார்பனுக்கு 4.2 தான். குளுக்கோஸ்ல 4, மீத்தேன்ல 8. செல்லுக்குள்ள போகாத எலக்ட்ரான் எல்லாத்தையும் ஆக்ஸிஜன் தான் வாங்கிக்கணும். இந்த எலக்ட்ரான் கணக்க போட்டா மெத்தனால்ல ஒரு கிலோ செல்லுக்கு சுமார் 1.8 கிலோ ஆக்ஸிஜன் வருது. குளுக்கோஸ்னா 0.9 கிலோ பக்கம், மீத்தேன்னா 5 கிலோவுக்கு மேல. மீத்தேன ஏன் விட்டாங்கன்னு இப்போ புரியும்.

அப்போ ஒரு கன மீட்டருக்கு மணிக்கு ஏழரை கிலோ ஆக்ஸிஜன் கரையணும். 37 டிகிரியில காத்தோட தொடர்புல இருக்குற தண்ணில மொத்தமே லிட்டருக்கு 7 மில்லிகிராம் பக்கம் தான் ஆக்ஸிஜன் கரையும். பாக்டீரியா ஒரு வினாடிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குடிக்குது. அதாவது காத்த நிறுத்துனா மூணு நாலு வினாடியில டேங்க் முழுக்க ஆக்ஸிஜன் காலி! இருப்புன்னு எதுவும் கிடையாது, ஒவ்வொரு வினாடியும் குமிழியில இருந்து தண்ணிக்கு வந்துட்டே இருக்கணும். இந்த ஒரு எண்ண மனசுல வச்சிருந்தாலே பாதி பயோரியாக்டர் டிசைன் புரிஞ்சிடும்னு நான் நம்புறேன்.

இப்போ அந்த கேள்விக்கு வருவோம். டேங்க்ல லிட்டருக்கு 30 கிராம் செல் இருக்குன்னு வைங்க, அத உச்ச வேகம் 0.5ல வளர விட்டா கன மீட்டருக்கு மணிக்கு 15 கிலோ செல், அதுக்கு 27 கிலோ ஆக்ஸிஜன். அந்த அளவுல எந்த பெரிய டேங்க்லயும் காத்த வச்சு ஆக்ஸிஜன் கரைக்க முடியாது. அதனால தான் வேகத்த மணிக்கு 0.15, 0.2ன்னு பிடிச்சு வைக்க வேண்டியிருக்கு. பாக்டீரியா ரெடியா தான் இருக்கு, காத்து தான் போதல. ஆக டேங்க்ல மோனாட் வளைவோட எந்த இடத்துல நிக்கணும்னு முடிவு பண்றது ஆக்ஸிஜன் டிரான்ஸ்ஃபர், உயிரியல் இல்ல. இத நான் திரும்ப திரும்ப சொல்றதுக்கு காரணம், நல்ல ஸ்ட்ரெய்ன் (பாக்டீரியா ரகம்) கிடைச்சா உற்பத்தி தானா ஏறிடும்னு இன்னைக்கும் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஃப்ளாஸ்க்ல வேகமா வளர்றத பாத்துட்டு பெரிய டேங்க்லயும் அதே வேகம் வரும்னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிடுறாங்க.

ஏன் கலக்குற மோட்டார் வைக்கல?

ஆக்ஸிஜன் கரையுற வேகம் ரெண்டு விஷயத்தோட பெருக்கல். ஒண்ணு கேஎல்ஏன்னு சொல்றது, அதாவது குமிழியோட மேற்பரப்புல திரவப் படலத்த தாண்டி ஆக்ஸிஜன் எவ்வளவு சுலபமா வருது, அந்த மேற்பரப்பு ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு இருக்குங்கிற ரெண்டும் சேந்தது. விட்மன் 1923ல சொன்ன ரெட்டைப் படலக் கொள்கை தான் இதுக்கு அடிப்படை. இன்னொண்ணு உந்துவிசை, தண்ணில கரையக்கூடிய உச்ச அளவுக்கும் இப்போ கரைஞ்சிருக்குற அளவுக்கும் இருக்குற வித்தியாசம்.

வழக்கமா எல்லாரும் கேஎல்ஏவ ஏத்துறதுக்கு தான் ஓடுவாங்க. மோட்டார் போட்டு இம்பெல்லர (கலக்குற விசிறி) வேகமா சுத்துனா குமிழி உடைஞ்சு சின்னதாகும், பரப்பு கூடும். பென்சிலின் டேங்க்ல இருந்து அது தான் நடைமுறை. ஆனா 1500 கன மீட்டருக்கு கன மீட்டருக்கு ரெண்டு கிலோவாட்னு வச்சாலே 3 மெகாவாட் மோட்டார், அவ்வளவு நீள ஷாஃப்ட், அதுக்கு பேரிங், அந்த ஷாஃப்ட் டேங்க்குக்குள்ள நுழையுற இடத்துல சீல், அந்த சீல் வழியா மாசக்கணக்கா ஒரு வெளி கிருமி கூட உள்ள போகக்கூடாது. இது நடக்குற காரியமா? கலக்குற சக்தி மொத்தமும் கடைசியில வெப்பமா டேங்க்குக்குள்ளயே இறங்கும், அத வேற வெளிய எடுக்கணும்.

ஐசிஐ ஆளுங்க யோசிச்ச விதம் எனக்கு ரொம்ப பிடிச்சது. கேஎல்ஏவோட மல்லுக்கட்டுறத விட்டுட்டு உந்துவிசைய கூட்டலாம்னு போனாங்க. டேங்க்க உயரமா கட்டுனா அடியில தண்ணியோட எடையே அழுத்தம் குடுக்கும், 40 மீட்டர் தண்ணின்னா 4 அட்மாஸ்ஃபியர் கூடுதல், அப்போ அடியில மொத்தம் 5 அட்மாஸ்ஃபியர், ஆக்ஸிஜன் கரையக்கூடிய அளவும் அஞ்சு மடங்கு, லிட்டருக்கு 35 மில்லிகிராம் பக்கம். மேல போகப் போக அழுத்தம் குறையும், குமிழியில இருக்குற ஆக்ஸிஜனும் தீந்துட்டே வரும், அதெல்லாம் சேத்து சராசரியா 15 மில்லிகிராம் உந்துவிசை கிடைச்சா கூட தேவையான கேஎல்ஏ மணிக்கு 500 பக்கம் தான். அதே வேலைய சாதாரண அழுத்தத்துல பண்ணனும்னா ஆயிரத்துக்கு மேல, சில சமயம் ரெண்டாயிரத்துக்கு பக்கத்துல கூட வேணும். இதுக்கு அவங்க வச்ச பேரு ப்ரெஷர் சைக்கிள் ஃபெர்மென்டர்.

வேலை செய்யுற விதம் இப்படி. டேங்க்ல ஏறுற பாதை ஒண்ணு, இறங்குற பாதை ஒண்ணு. ஏறுற பாதையோட அடியில காத்த ஊதுவாங்க, அங்க திரவத்துல குமிழி நிறைய இருக்குறதால அடர்த்தி குறைஞ்சு மேல கிளம்பும், மேல அகலமான பகுதியில குமிழி வெளிய போயிடும், குமிழி போன கனமான திரவம் இறங்குற பாதை வழியா கீழ வரும். மோட்டாரே இல்லாம மொத்த திரவமும் சுத்திக்கிட்டே இருக்கும். அடியில அழுத்தம் அதிகம், அங்க ஆக்ஸிஜன் கரையும். மேல அழுத்தம் குறைவு, அங்க கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். கார்பன் டை ஆக்ஸைட மறந்துடக்கூடாது, மணிக்கு சுமார் 7 டன் அளவுக்கு பாக்டீரியா விடுது, அது கரைஞ்சே தங்குனா வளர்ச்சிய அடக்கும். ஒரே சுத்துல உள்ள குடுக்குறதும் நடக்குது, வெளிய தள்ளுறதும் நடக்குது. உயரத்த வச்சு ரெண்டு வேலைய வாங்கிட்டாங்க.

குமிழி ஏறும்போது ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிடும், பெருசானா பரப்பு போச்சு. காத்து 25 சதவீத இடத்த பிடிச்சிருக்கு, குமிழி 3 மில்லிமீட்டர்னா ஒரு கன மீட்டர்ல 500 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், குமிழி 6 மில்லிமீட்டர் ஆனா அது 250. அதனால ஏறுற பாதையில நடுநடுவுல ஓட்டை போட்ட தட்டு வச்சு குமிழிய திரும்ப உடைச்சாங்க. நுரை அடக்குறதுக்கு எண்ணெய் மாதிரி எதையாவது ஊத்துனா குமிழி சேந்துடும், கேஎல்ஏ சட்டுன்னு விழும், இந்த மாதிரி காத்தாலயே சுத்துற ஏர்லிஃப்ட் டேங்க்ல மட்டும் இல்ல எந்த டேங்க்லயும் இத கவனிக்காம ஆன்டிஃபோம் (நுரை அடக்குற பொருள்) விட்டு டிஓ மீட்டர் (கரைஞ்ச ஆக்ஸிஜன காட்டுறது) விழுறத பாத்து முழிக்கிறவங்க உண்டு.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும், ஏர்லிஃப்ட்னா கரண்ட் மிச்சம்னு பொதுவா சொல்வாங்க, அது பாதி உண்மை. 11 டன் ஆக்ஸிஜன் மணிக்கு வேணும்னா, காத்துல இருக்குற ஆக்ஸிஜன்ல பாதிய எடுத்துக்கிட்டா கூட, மணிக்கு 95 டன் காத்த அஞ்சு அட்மாஸ்ஃபியருக்கு மேல கம்ப்ரஸ் பண்ணி அடியில தள்ளணும். என் கணக்குல அது அஞ்சாறு மெகாவாட் வரும். சக்தி செலவு காணாம போகல, ஷாஃப்ட்ல இருந்து கம்ப்ரஸருக்கு இடம் மாறியிருக்கு. ஆனா கம்ப்ரஸர் டேங்க்குக்கு வெளிய நிக்குது, ரிப்பேர் பண்ணலாம், சீல் பயம் இல்ல. லாபம் அங்க தான்.

வெப்பம்

இத சுருக்கமா சொல்லிடுறேன், ஆனா சாதாரணமா எடுத்துக்காதீங்க. ஒரு மோல் ஆக்ஸிஜன் செலவானா சுமார் 460 கிலோஜூல் வெப்பம் வரும், எந்த உணவா இருந்தாலும் கிட்டத்தட்ட இதே தான். அப்போ மொத்த டேங்க்ல 44 மெகாவாட் வெப்பம். டேங்க் 37 டிகிரியில இருக்கணும், குளிர்விக்கிற தண்ணி 20 டிகிரின்னா வித்தியாசமே 17 தான், அந்த சின்ன வித்தியாசத்துல 44 மெகாவாட்ட வெளிய எடுக்க எவ்வளவு குழாய் பரப்பு வேணும்னு யோசிங்க. கொஞ்சம் சூடா வளர்ற பாக்டீரியாவ தேடுறதுக்கு இது தான் காரணம், ரெண்டு டிகிரி கூட கிடைச்சாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சின்னதாகும். நம்ம ஊர் மாதிரி வெயில் ஊர்ல இதே ஆலைய வச்சா கூலிங் டவர் தண்ணியே 30 டிகிரிக்கு மேல வரும், அப்போ கணக்கே மாறிடும். சென்னைல பெரிய ஏரோபிக் ஃபெர்மென்டர் போடுறவங்க ஆக்ஸிஜனுக்கு முன்னாடி சில்லர் செலவ தான் பாக்கணும்.

மெத்தனால் ஊட்டுன விதம்

இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இது, ஏன்னா ஆக்ஸிஜன பத்தி எல்லாரும் பேசுவாங்க, இத பத்தி பேசுறவங்க கம்மி.

மெத்தனால் தண்ணில நல்லா கரையும், அதனால மாஸ் டிரான்ஸ்ஃபர் பிரச்சனை கிடையாதுன்னு தோணும். சின்ன டேங்க்ல அது சரி. இங்க மணிக்கு 12.5 டன் மெத்தனால் போகுது. லிட்டருக்கு வினாடிக்கு 2.3 மில்லிகிராம் பாக்டீரியா சாப்பிடுது. வளர்ச்சி வேகத்த உச்சத்துல மூணுல ஒரு பங்குல பிடிச்சு வச்சிருக்கோம்ல, அப்போ மோனாட் சமன்பாடு சொல்றபடி டேங்க்ல மிஞ்சி நிக்கிற மெத்தனால் ரொம்ப ரொம்ப குறைவா இருக்கும், லிட்டருக்கு ஒரு சில மில்லிகிராம் கூட தேறாது. அதாவது எங்கயும் இருப்பு இல்ல, ஒண்ணு ரெண்டு வினாடியில தீந்துடும்.

திரவம் ஒரு முழு சுத்து வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். 100 வினாடின்னு வச்சுக்குவோம். மெத்தனால ஒரே குழாயில ஒரே இடத்துல விட்டா, அந்த சுத்துக்கு தேவையான மொத்தத்தையும் அங்கயே கொட்டணும், லிட்டருக்கு 230 மில்லிகிராம். அந்த இடத்த தாண்டுற பாக்டீரியா திக்குமுக்காடும், சுத்தோட மறுபக்கம் இருக்குறது பட்டினி. பந்தியில மொத்த சோத்தையும் முதல் இலையில கொட்டிட்டு மத்தவங்கள எழுந்து வந்து சாப்பிட சொல்ற மாதிரி.

இதனால பாக்டீரியா செத்துப்போகாது. அத விட மோசமான ஒண்ணு நடக்கும்: திடீர்னு மெத்தனால் கிடைச்ச செல் அத ஃபார்மால்டிஹைடா, ஃபார்மேட்டா, கடைசியில கார்பன் டை ஆக்ஸைடா எரிச்சு தள்ளிடும், உடம்பா சேக்காது. ஈல்ட், அதாவது ஒரு கிலோ மெத்தனாலுக்கு கிடைக்கிற செல், குறையும். ஈல்ட் குறைஞ்சா அதே புரதத்துக்கு மெத்தனால் கூட வேணும், ஆக்ஸிஜன் கூட வேணும், வெப்பம் கூட வரும். அந்த ஆலையில பெரிய செலவே மெத்தனால் தான், அதுல நாலஞ்சு சதவீதம் காத்துல போனா லாபமே போச்சு. ஆய்வகத்துல நல்லா கலக்குன சின்ன டேங்க்ல வந்த ஈல்ட் பெரிய டேங்க்ல வராததுக்கு காரணம் இதுதான்னு கண்டுபிடிச்சு, அவங்க பண்ண வேலை என்னன்னா டேங்க் முழுக்க ஆயிரக்கணக்கான இடத்துல மெத்தனால பிரிச்சு விட்டாங்க. ஆயிரக்கணக்கான நாசில்! அத்தனையும் சுத்தமா ஸ்டெரிலைஸ் ஆகணும், அத்தனையிலயும் சமமா ஓடணும், அடைக்கக்கூடாது. பாக்டீரியாவோட பசி ரெண்டு வினாடி கணக்குல இருக்கு, டேங்க்கோட கலவை நேரம் நிமிஷ கணக்குல இருக்கு, அந்த இடைவெளிய குழாய் வேலையால அடைச்சாங்க. ஸ்கேல் அப் (சின்ன டேங்க்ல பண்ணத பெரிய டேங்க்ல பண்றது) பத்தி யாராவது என்கிட்ட கேட்டா நான் இந்த ஒரு உதாரணத்த தான் சொல்வேன், பவர் பெர் வால்யூம் (ஒரு கன மீட்டருக்கு கலக்குற சக்தி) சமமா வைக்கணும், டிப் ஸ்பீடு (இம்பெல்லர் நுனியோட வேகம்) சமமா வைக்கணும்னு சூத்திரத்த மனப்பாடம் பண்றத விட செல் எவ்வளவு நேரத்துல சாப்பிடுது, டேங்க் எவ்வளவு நேரத்துல கலக்குதுன்னு ரெண்டு நேரத்த பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தா எந்த இடத்துல அடி விழும்னு தெரிஞ்சிடும்.

ஈல்ட் பத்தி இன்னொண்ணு. ஐசிஐ ஆராய்ச்சியாளர்கள் பாக்டீரியாவோட மரபணுவுலயும் கை வச்சாங்க. இந்த பாக்டீரியா அமோனியாவ உள்ள எடுக்குற வழியில ஒவ்வொரு அமோனியாவுக்கும் ஒரு ஏடிபி (செல் சக்திய செலவு பண்ற மூலக்கூறு) செலவாகும். ஈ. கோலைங்கிற பாக்டீரியாவுல இருக்குற குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்சைம் அந்த செலவு இல்லாம அதே வேலைய பண்ணும். அந்த ஜீன எடுத்து இதுக்குள்ள வச்சு, பழைய வழிய அடைச்சு, மெத்தனால்ல இருந்து செல்லுக்கு போற கார்பன சில சதவீதம் கூட்டிக் காட்டுனாங்க, 1980ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. தொழிற்சாலைக்கான பாக்டீரியாவ மரபணு மாத்தி ஈல்ட் ஏத்தணும்னு பண்ண ஆரம்ப கால முயற்சிகள்ல இது முக்கியமானது. ஆனா கவனிங்க, பல வருஷ மரபணு வேலையில கிடைச்சதும் சில சதவீதம், மெத்தனால சரியா பிரிச்சு ஊட்டலன்னா போறதும் அதே மாதிரி சில சதவீதம். ரெண்டும் ஒரே பைசா தான், எந்த டிபார்ட்மென்ட் சம்பாதிச்சா என்ன.

பிரிச்செடுக்குறது

டேங்க்ல இருந்து மணிக்கு 200 கன மீட்டருக்கு மேல வெளிய வரும், அதுல செல் 3 சதவீதம், மீதி 97 சதவீதம் தண்ணி. செல்லோட சைஸ் ஒரு மைக்ரான் பக்கம், அப்படியே சென்ட்ரிஃபியூஜ்ல போட்டா கரண்ட் தின்னுடும். அதனால சூடாக்கி, அமிலம் சேத்து, செல்லெல்லாம் கொத்து கொத்தா ஒட்ட வச்சு, அப்புறம் செறிவாக்கி, சென்ட்ரிஃபியூஜ் பண்ணி, காய வச்சாங்க. தண்ணிய திரும்ப டேங்க்குக்கே அனுப்புனாங்க. இந்த பகுதி சரியா வேலை செஞ்சுது.

முடிவு எப்படி வந்துச்சு

1979, 80ல ஆலை ஓட ஆரம்பிச்சுது. நிறுத்தாம, வெளி கிருமி உள்ள வராம நூறு நாளுக்கு மேல ஓடுன காலம் உண்டு, 1500 கன மீட்டர் டேங்க்ல அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு சின்ன 10 லிட்டர் டேங்க்க ஒரு வாரம் சுத்தமா ஓட்டி பாத்தவங்களுக்கு தெரியும். வளர்ச்சி, ஆக்ஸிஜன், மெத்தனால் ஊட்டுறது, வெப்பம்னு டிசைன்ல பயந்த எல்லாமே சமாளிக்கப்பட்டுச்சு.

விலை தான் கவுத்துச்சு. 1973லயும் 1979லயும் எண்ணெய் விலை ஏறுச்சு, கூடவே எரிவாயு, மெத்தனால் மதிப்பும் ஏறுச்சு. சோயா விலை அந்த அளவுக்கு ஏறல. ஒரு கிலோ செல்லுக்கு ரெண்டு கிலோ மெத்தனால் வேணுங்கிறது ஸ்டாய்க்கியோமெட்ரி (வேதி வினையோட அளவு கணக்கு), அத எந்த மேனேஜராலயும் பேரம் பேசி குறைக்க முடியாது. மெத்தனால் விலைய ரெண்டால பெருக்கி சோயா புரத விலை பக்கத்துல வச்சா ஒரே வரியில முடிவு தெரிஞ்சிடும். 80களோட நடுவுல ஆலைய நிறுத்திட்டாங்க. இதே காலத்துல பிபி கம்பெனி பெட்ரோலிய பாரஃபின்ல ஈஸ்ட் வளத்து இத்தாலில சார்டீனியா தீவுல பெரிய ஆலை கட்டி, அதுக்கு அனுமதியே கிடைக்காம போச்சு, ஆக ஐசிஐ மட்டும் தனியா தப்பு கணக்கு போடல.

என் கருத்து, அவங்க இன்ஜினியரிங்க குறை சொல்ல எதுவும் இல்ல, ஆனா மூலப்பொருள் விலையும் பொருள் விலையும் ரெண்டு வேற வேற சந்தையில தொங்குற ஒரு மலிவு சரக்குக்கு இவ்வளவு முதல் போட்டது தான் பலவீனம். தீவனம் கிலோ கணக்குல மலிவா விக்கிற சரக்கு. மனுஷங்க சாப்பிடுற பொருளா இருந்திருந்தா விலை தாங்கியிருக்கும், ஆனா வேகமா வளர்ற பாக்டீரியா செல்லுல நியூக்ளிக் அமிலம் ரொம்ப அதிகம், மனுஷ உடம்புல அது யூரிக் அமிலமா மாறும், அதனால அந்த வழி அடைபட்டிருந்துச்சு.

அந்த வழிய இன்னொருத்தர் திறந்தாங்க. ரேங்க் ஹோவிஸ் மெக்டூகல்ங்கிற இங்கிலாந்து உணவு கம்பெனி ஃபியூசேரியம்ங்கிற பூஞ்சைய குளுக்கோஸ்ல வளத்து மனுஷ உணவாக்க பல வருஷமா வேலை பண்ணிட்டு இருந்துச்சு. அவங்ககிட்ட பூஞ்சை இருந்துச்சு, பெரிய டேங்க் இல்ல. ஐசிஐகிட்ட பில்லிங்ஹம்ல ப்ரெஷர் சைக்கிள் பைலட் டேங்க் சும்மா நின்னுச்சு. ரெண்டு பேரும் சேந்து மார்லோ ஃபுட்ஸ் ஆரம்பிச்சாங்க, 1985ல க்வார்ன்ங்கிற பேர்ல கடைக்கு வந்துச்சு. அப்புறம் 150 கன மீட்டர், 50 மீட்டர் உயர டேங்க்குகள் பில்லிங்ஹம்லயே வந்துச்சு. உயரத்த வச்சு ஆக்ஸிஜன் கரைக்கிற அதே யோசனை.

ஆனா பூஞ்சை வேற மாதிரி. இழை இழையா வளரும், திரவம் கூழாகிடும், குமிழி சரியா பரவாது, அதனால லிட்டருக்கு செல் அடர்த்திய ப்ரூட்டீன் மாதிரி ஏத்த முடியாது, குளுக்கோஸ்ங்கிறதால ஆக்ஸிஜன் தேவை பாதின்னு இருந்தும் கூட. டேங்க்ல இருந்து வெளிய வந்ததும் 65 டிகிரிக்கு மேல சூடாக்கி ஆர்என்ஏவ (மேல சொன்ன நியூக்ளிக் அமிலம்) செல்லுல இருந்து கரைய விட்டு 2 சதவீதத்துக்கு கீழ கொண்டு வருவாங்க, அதுல செல் எடையும் கணிசமா போகும். அதோட ஆயிரம் மணி நேரம் போல தொடர்ந்து ஓடுனதும் டேங்க்ல நெருக்கமா கிளை விடுற குட்டை இழை ரகங்கள் தானா தோணி அசல் ரகத்த முந்த ஆரம்பிச்சிடும், நீள இழை இருந்தா தான் இறைச்சி மாதிரி நார் நாரா வரும், அதனால ஆக்ஸிஜன் நல்லா இருக்கும்போதே, கிருமி எதுவும் வராதபோதே, டேங்க்க நிறுத்தி காலி பண்ணி கழுவி புதுசா ஆரம்பிக்கிறாங்க.